ஜிம்மி ஆருக்கு? மகளுக்கு ஒரு கடிதம்

மாங்குளம்
ஐப்பசி

அன்புள்ள மகளுக்கு,

விதைப்பு முடிந்துவிட்டது, மழையும் பிடித்துவிட்டது. இங்கே எல்லாரும் சுகம்.

நீயும் அவரும் பிரிவதைப் பற்றி இனிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. வீட்டுக் கணக்கு, கார்க் கணக்கு எல்லாம் ஒப்புக்கொண்டுவிட்டு, உங்கட நாய் ஜிம்மியில் வந்து இரண்டு பேரும் நிற்கிறீர்கள். "அம்மா, அவன் சொத்தா, குடும்பமா?" என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதி காற்றோடு போய்விடும் என்றுதான் எழுதுகிறேன்.

நீ இருக்கிற கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் நாய் இன்றைக்கும் சொத்துத்தான். ஆனால் 2024 ஜனவரி 15 இலிருந்து அங்குள்ள குடும்பச் சட்டம் வளர்ப்புப் பிராணியை மேசை, கதிரை மாதிரிப் பார்ப்பதில்லை. நீதிபதி சில விஷயங்களைக் கட்டாயம் கவனிக்கவேண்டும். நாய் எந்தச் சூழலில் வீட்டுக்கு வந்தது, யார் எவ்வளவு பராமரித்தார்கள், இனி அதன் அடிப்படைத் தேவைகளைப் பார்க்க யாருக்கு மனமும் வசதியும் இருக்கிறது, பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் நாய்க்கும் உள்ள உறவு என்ன. வீட்டுக்குள் வன்முறை நடந்ததா, இனி நடக்க வாய்ப்புண்டா, யாராவது நாயைக் கொடுமைப்படுத்தினாரா, கொடுமைப்படுத்துவேன் என்று மிரட்டினாரா என்றும் பார்க்கவேண்டும். இந்தக் கடைசி விஷயத்தை எழுதினவர்களுக்கு உலகம் தெரியும். மனுசியை அடக்க நாயைப் பிடித்துவைத்துக்கொள்கிறவர்கள் எந்த ஊரிலும் உண்டு.

ரொறன்ரோவில் இருந்து சித்தி, அங்குள்ள வழக்கத்தை வைத்துச் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதே. அவள் இருக்கிற ஒன்ராறியோ மாகாணத்தில் இப்படி ஒரு சட்டம் இல்லை; அங்கே வழக்கு, உரிமையாளர் யார் என்ற கேள்வியில்தான் ஓடும். சஸ்காச்சுவான் மாகாணத்தில் 2016 இல் ஒரு நீதிபதி, நாயைப் பார்க்க நேரம் ஒதுக்கித் தரச் சொல்லிக் கேட்டவர்களிடம், வீட்டில் இருக்கும் பட்டர் கத்திக்கும் கிழமைக்கு ஒன்றரை மணித்தியாலம் என்று நான் கட்டளை போடுவதா என்கிற மாதிரிக் கேட்டார். நாய்களில் அன்புள்ள மனுசன்தான், ஆனால் சட்டத்தில் நாய் சொத்து என்று முடித்துவிட்டார்.

இனி உனக்கு மிகவும் முக்கியமானது. உன்ர மாகாணத்து நீதிமன்றத்தால் ஜிம்மியை ஒருவரிடம் மட்டும்தான் கொடுக்க முடியும். கூட்டு உரிமை, ஒரு கிழமை இங்கே ஒரு கிழமை அங்கே என்ற கட்டளை எல்லாம் போட அதற்கு அதிகாரம் இல்லை. அப்படிப் பங்கிட விருப்பம் என்றால், அது நீங்கள் இருவரும் ஒத்துக்கொண்டு எழுதும் உடன்படிக்கையில்தான் நடக்கும். "கோர்ட்டுக்குப் போனால் பாதியாவது கிடைக்கும்" என்று நினைத்துப் போகிறவர்கள் விழுவது இந்த இடத்தில்தான். பாதி என்று ஒன்று அங்கே இல்லை. முழுதும் வரும், இல்லையென்றால் முழுதும் போகும்.

ஆகவே உடன்படிக்கையை முதலில் முயற்சி செய். எழுத்தில் இருக்கவேண்டும், இருவரும் கையெழுத்து வைக்கவேண்டும், குறைந்தது ஒரு சாட்சியாவது கையெழுத்திடவேண்டும். "மாறி மாறி வைத்திருப்போம்" என்ற ஒரு வரி போதாது. மூன்று மாதத்தில் உடைந்துவிடும். உடைவது எப்போதும் காசிலும் நாய்க்கு வரும் வருத்தத்திலும்தான். சாப்பாடு அவரவர் வீட்டில் அவரவர் செலவு என்று எழுது. தடுப்பூசி, காப்புறுதி இரண்டும் பாதிப்பாதி. மிருக வைத்தியரின் பில் ஒரு தொகைக்கு மேலே போனால் மற்றவரைக் கேட்காமல் செய்யக்கூடாது என்று அந்தத் தொகையையே எழுது. நள்ளிரவில் அவசரம் என்றால் நாய் யாரிடம் இருக்கிறதோ அவர் முடிவெடுக்கலாம் என்றும் எழுது. ஒருவர் வேறு நகரத்துக்குப் போனால் என்ன? புதிதாக வருகிற வாழ்க்கைத்துணைக்கு நாய் ஒத்துக்கொள்ளாவிட்டால் என்ன? வயதாகி, கருணையாக ஊசி போட்டு அனுப்பும் முடிவை யார் எடுப்பது? இந்தக் கடைசிக் கேள்வியை எல்லாரும் எழுதாமல் விடுவார்கள். அதில்தான் பிறகு ஆயுள் முழுக்கப் பகை வரும்.

அவர் ஒத்துவராவிட்டால், ஜிம்மி விஷயத்தை மட்டும் மாகாண நீதிமன்றத்திலேயே கேட்கலாம். இதற்கென்று உயர் நீதிமன்றம் ஏறத் தேவையில்லை. அங்கே உன்ர கண்ணீரை விடக் கடதாசிக்குத்தான் மதிப்பு. தத்தெடுத்தபோது எழுதின ஒப்பந்தம், மாநகரசபை நாய் லைசன்ஸ், மைக்ரோசிப் பதிவு, காப்புறுதி, சாப்பாட்டுப் பற்றுச்சீட்டு, எல்லாவற்றையும் சேர். மிருக வைத்தியரிடம் முழுப் பதிவையும் கேட்டு வாங்கு: நாயை யார் கூட்டிவந்தார், யார் காசு கட்டினார் என்று அதில் இருக்கும். லைசன்ஸில் பெயர் இருந்தால் வழக்கு முடிந்தது என்று நினைக்காதே, அது ஒரு சாட்சி மட்டும்தான். முகநூலில் போட்ட படங்கள் அதிலும் குறைவு. நாயோடு படம் எடுக்க எல்லாராலும் முடியும்.

இந்தச் சட்டத்தில் எனக்குச் சிரிப்பு வந்த இடம் ஒன்று உண்டு. விவசாயத்துக்கு வைத்திருக்கும் மிருகம் அதில் சேராது. வியாபாரத்துக்கு வைத்திருப்பதும், வழிகாட்டி நாயும் சேரா. எங்கட பக்கம் வயலில் படுத்துப் பன்றி விரட்டுகிற நாய், அந்தக் கணக்கில், கட்டிலில் படுக்கும் ஜிம்மியை விட ஒரு படி கீழே. உழைக்கிறவனுக்கு எங்கேயும் இதுதான்.

எங்கட சட்டத்தையும் கேட்டாய். வன்னியில் மாட்டுக்குத்தான் கடதாசி. தொடையில் சுட்ட குறியைப் பார்த்து, கட்டாக்காலியாகத் திரிந்தாலும் இன்னாருடைய பட்டி என்று சொல்லிவிடுவார்கள். வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைப்படி சீதனமாக வந்த பசு பெண்ணின் தனிச்சொத்து. அது கலியாணத்துக்குப் பிறகு போட்ட கன்று? 1947 இல் திருத்தப்பட்ட சட்டம், திருமண காலத்தில் தனிச்சொத்திலிருந்து வரும் இலாபத்தைத் தேடியதேட்டம், அதாவது கலியாணத்துக்குப் பிறகு தேடிய சொத்து, என்கிறது. கன்றும் இலாபம்தான் என்று வாதிட்டால், பசு அவளுடைய தனிச்சொத்து, கன்று தேடியதேட்டம். நாய்க்கு இந்தக் கணக்கு ஓடாது. நாயை யாரும் சீதனமாகக் கொடுப்பதில்லை, அது இலாபமும் தருவதில்லை. நாய்களைப் பதிய 1901 ஆம் ஆண்டிலேயே கட்டளைச் சட்டம் வந்தது. கிராமத்தில் ஆர் போய்ப் பதிகிறார்கள்? விசர்நாய்த் தடுப்பூசி அட்டை ஒன்றுதான் அதற்கு இருக்கிற கடதாசி.

வெறும் சொத்து என்று விட்டால் என்ன பிழை என்பதை ஏ9 வீதியில் பார்க்கலாம். வாகனம் அடித்த நாய்க்கு நட்டஈடு என்றால் சந்தை விலைதான் கணக்கு. தெருவில் பிறந்த நாய்க்குச் சந்தை விலை எது? மிருகவதையைத் தடுக்க 1907 இல் எழுதின சட்டம் 100 ரூபாவைத்தான் ஆகக்கூடிய தண்டமாக வைத்தது. அந்தக் காசுக்கு இப்போது ஒரு இறாத்தல் பாண் வாங்கவே கஷ்டம்.

அதற்காகக் "குடும்பம்" என்று சட்டத்தில் எழுதவேண்டும் என்கிறவர்களோடும் நான் இல்லை. ஜேர்மனியின் சிவில் சட்டத்தில் 1990 இலிருந்து "மிருகம் பொருள் அல்ல" என்று இருக்கிறது. அதே பிரிவிலேயே, வேறு விதி இல்லாவிட்டால் பொருளுக்குரிய விதியே பொருந்தும் என்கிறது. ஸ்பெயினில் 2022 ஜனவரியிலிருந்து, பிரியும்போது நாயின் நலத்தையும் பார்த்து, இருவருக்கும் சேர்த்தே கொடுக்கலாம். இது நல்லது. பெயர் என்னவாகவும் இருக்கட்டும், சோறு வைப்பது யார், பொறுப்பு யார் என்று நீதிபதி கேட்கிறாரா என்பதைத்தான் நான் பார்ப்பேன். குடும்பம் என்றால் நாய் கடித்தால் பதில் சொல்வது யார் என்ற கேள்வியும் கூடவே வரும். அதை ஒருவரும் நினைப்பதில்லை.

இன்னொன்று. ஜிம்மி உன்னிடம் வந்தால் உன்ர உயிலிலும் அவனுக்கு ஒரு பந்தி வேண்டும். நாய்க்குக் காசு எழுத முடியாது. நாயை ஒரு ஆளுக்கு எழுதி, அவனைப் பார்க்கிற செலவையும் அந்த ஆளின் பெயரிலேயே எழுது. எழுத முன்னம் அந்த ஆளைக் கேள்.

மைக்ரோசிப் பதிவில் பழைய வீட்டு முகவரியும் அவருடைய போன் நம்பரும்தான் இன்னும் இருக்கும் என்று நினைக்கிறேன். இப்போதே உன்ர பெயருக்கு மாற்றிப்போடாதே. வழக்கு நேரத்தில் அது கள்ளத்தனமாகத் தெரியும். உன்ர நம்பரை இரண்டாவதாகச் சேர்த்துவிட்டு, சேர்த்ததாக அவருக்கும் ஒரு செய்தி அனுப்பு.

அன்புடன்,
அம்மா