ஒரு சாண் நாடா

ஆயர் ஈத்தாம், பினாங்கு

அன்பு மகள் கயலுக்கு,

நேற்று போனில் பேசிக்கொண்டே குட்டிப்பயலைத் தூங்க வைத்தாயே, அப்போது நீ முனகிய மெட்டைக் கேட்டதும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. நடுராத்திரியில் அலமாரியை உருட்டியதற்கு உங்கம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். பழைய கேசட்டைத்தான் தேடினேன்.

உனக்கு நாலைந்து வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை இரவு சுங்கை பட்டாணியில் பாட்டி வீட்டிலிருந்து திரும்பும்போது, பட்டர்வொர்த்தில் தீவுக்குப் போகும் பெர்ரிக் கப்பலுக்கு வரிசையில் நிற்போம். காரோடு ஏறி எஞ்சினை அணைத்ததும் பின்சீட்டிலிருந்து "ஒட்டகப் பாட்டு" என்பாய். ஜப்பான்காரர் கித்தாரோ, என்.எச்.கே. தொலைக்காட்சி 1980இல் காட்டிய பட்டுப்பாதை ஆவணத்தொடருக்கு அமைத்த இசை அது. பாலைவனத்தில் ஒட்டகம் போகிற பாதைக்குப் போட்டது என்று நான் சொல்லிவைத்ததால் வந்த பெயர்.

"ஏன்பா யாருமே பாட மாட்டேங்கிறாங்க?"

"ஒட்டகத்துக்குத் தமிழ் தெரியாதும்மா."

நம்பிவிட்டாய். ஜார்ஜ்டவுன் விளக்குகள் கடலில் நெளிவதைக் காட்டி, "அதோ, முதுகு!" என்றாய். எனக்கும் ஒரு கணம் தெரிந்தது.

கித்தாரோவின் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் ஒரு சுரம் எப்போது தொடங்கியது என்றே பிடிபடாது. காற்று மாதிரி வந்து, கனத்து, அடங்கும். அடியில் பெர்ரியின் அதிர்வும் சேர்ந்துகொள்ளும். இதைப் போய் 'நியூ ஏஜ்' என்று தியான கேசட்டுகளோடு அடுக்கி வைப்பார்கள், எனக்கு எரிச்சலாக வரும். கிராமி விருதிலேயே 1987இல் அந்தப் பெயரில் ஒரு பிரிவு வந்தது. 2001இல் கித்தாரோவே அதை வாங்கினார். சரி, பெயர் கிடக்கட்டும்.

ஒருநாள் பிளேயர் நாடாவைத் தின்றுவிட்டது. நீ அழுத அழுகையில் பக்கத்துக் காரிலிருந்த சீன ஆண்ட்டி மிட்டாய் நீட்டினார். வீட்டுக்கு வந்து திருகாணிகளைக் கழற்றி, கசங்கிய பகுதியைக் கத்தரித்து, இரண்டு நுனியையும் செல்லோடேப்பால் ஒட்டி, ஓரத்தில் பிதுங்கியதை பிளேடால் சீவி, பென்சிலை விட்டுச் சுற்றினேன். போனது ஒரு சாண். கேசட்டில் நாடா நொடிக்கு நாலே முக்கால் சென்டிமீட்டர் ஓடும். ஆக, ஐந்து நொடி இசை போச்சு. மெட்டு மேலே ஏறிக்கொண்டிருக்கும்போதே சட்டென்று கீழே விழும். ஒவ்வொரு முறையும் எனக்குச் சுருக்கென்றிருக்கும். நீ அதற்குப் பிறகு எத்தனையோ முறை கேட்டாய், ஒன்றுமே சொன்னதில்லை.

2021 முதல் பெர்ரியில் கார் ஏற்றுவதில்லை. கேசட் கிடைத்தது, ஆனால் நாடா முழுக்கப் பூஞ்சை. அப்புறம் யூடியூப்பில் கேட்டேன், சத்தத்தைக் குறைத்து வைத்து. அந்த ஐந்து நொடியும் முழுசாக இருந்தது. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் யாரோ வேறொருவரின் பாட்டு மாதிரி இருந்தது.

நேற்று நீ முனகியது அது இல்லையே. மேலே ஏறும்போதே சட்டென்று கீழே இறங்கினாய், சரியாக நான் ஒட்டிய இடத்தில். பயலும் அதற்குள் தூங்கிப்போனான்.

பெர்த்தில் இப்போது குளிராமே, அவனுக்குக் காலுறை போட்டுவிடு. அந்த ஐந்து நொடியை மட்டும் அவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடாதே.

அன்புடன்,
அப்பா