தெருவிழா மேடையில் சொந்தப் பாட்டுக்கு அரை மணி நேரம்: ஒரு திறந்த மடல்

சென்னையில் தெருவிழா நடத்தும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். வண்டிகளை நிறுத்திவிட்டுச் சாலையை ஒரு மாலை முழுக்க மனிதர்களுக்குத் திறந்துவிடுகிறீர்கள். அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். கோலப்போட்டி, பறையாட்டம், பஜ்ஜிக் கடை எல்லாம் அப்படியே இருக்கட்டும். எனக்குச் சொல்ல வேண்டியது ஓரத்தில் போடுகிறீர்களே, அந்தச் சின்ன மேடையைப் பற்றித்தான்.

உங்களில் ஒருவர் நடத்திய விழாவில் அண்மையில் ஓர் இளம்பெண் பாடினார். எந்த விழா என்று சொல்லப்போவதில்லை; பெரும்பாலான விழாக்களில் நடப்பதுதான். கையில் ஒரு கிட்டார். பக்கத்தில் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து அதையே தட்டித் தாளம் போட ஒரு நண்பர். தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட பாட்டுகள்.

முதல் பாட்டு அம்மாவின் செயினைப் பற்றியது. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதம் அடகுக்கடைக்குப் போய், தீபாவளிக்கு முந்தின வாரம் கழுத்துக்குத் திரும்பி வரும் செயின். சரணத்தில் அடகுச்சீட்டையே எடுத்துப் பாடினார்: மொத்த எடை, கல் எடை, அழுக்கு எடை, நிகர எடை என்று கடைக்காரர் குரலில், தாளம் பிசகாமல். என் பக்கத்தில் கரும்புச்சாறு டம்ளரோடு நின்ற ஓர் அம்மா அந்த இடத்தில் பக்கென்று சிரித்துவிட்டார். அடுத்து, சீட்டில் அழுக்கு என்று எழுதியது அம்மாவின் வியர்வைதான் என்று வந்தது. அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கூட்டம் பெரிதில்லை, ஆனால் நின்றவர்கள் யாரும் நகரவில்லை.

இவ்வளவும் நடந்தது அங்கிருந்த ஏற்பாடுகளை மீறித்தான். கிட்டார் வயரைச் செருக வசதி இல்லாததால் ஒரு மைக்கை அதன் பக்கம் சாய்த்து வைத்திருந்தார்கள். அது பாட்டுக்குப் பாட்டு தலை குனிந்துகொண்டே போனது. தன் குரல் தனக்குக் கேட்க மேடையில் ஒரு ஸ்பீக்கர் கூட இல்லை. தொகுப்பாளர் ‘அடுத்து ஒரு தங்கச்சி பாடப் போறாங்க’ என்றார். பெயர்? கடைசி வரை சொல்லவில்லை. இரண்டாவது பாட்டு முடிந்ததும், ‘சூப்பர்! இப்ப எல்லாருக்கும் தெரிஞ்ச சினிமாப் பாட்டு ஒண்ணு’ என்று மைக்கிலேயே கேட்டார். அத்தனை பேர் முன்னால் முடியாது என்று எப்படிச் சொல்வார்? பாடினார். அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். பொன்னாடை, உரை, மறுபடி பொன்னாடை. மிச்சப் பாட்டுகள் கிட்டார் பையோடு வீட்டுக்குப் போயின.

சினிமாப் பாட்டு மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. கோயில் திருவிழாவில் விடிய விடிய மெல்லிசைக் கச்சேரி கேட்டு வளர்ந்தவன்தான் நானும். ஆனால் அதைப் பாட ஊரெல்லாம் மேடை இருக்கிறது. சொந்தப் பாட்டோடு ஒருவர் வந்து நிற்கும் இடத்தில்தான் அதைக் கேட்க வேண்டுமா? தெருவில் சொந்தப் பாட்டு ஒன்றும் இந்த ஊருக்குப் புதிதில்லை. மார்கழி விடியலில் மயிலாப்பூர் மாட வீதிகளில் பஜனை நடத்திய பாபநாசம் சிவன், கபாலியைப் பற்றித் தானே கீர்த்தனைகள் இயற்றியவர். வடசென்னையில் சாவு வீட்டு வாசலில் உட்கார்ந்து பாடும் கானாக்காரர், இறந்தவர் பெயரை வைத்து அங்கேயே வரி கட்டுவார். அவரிடம் போய் ‘தெரிஞ்ச பாட்டு ஒண்ணு’ என்று கேட்டால் என்ன கிடைக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

பெயர் விஷயம் சின்னதில்லை. 2021இல் ‘என்ஜாய் எஞ்சாமி’ பாட்டு உலகமெல்லாம் ஓடியது. அதை எழுதி, பாடகி ‘தீ’யோடு சேர்ந்து பாடிய ராப் பாடகர் அறிவு, அதே ஆண்டு ஓர் இசைப் பத்திரிகையின் அட்டையில் இல்லாமல் போனபோது எவ்வளவு சண்டை நடந்தது! அத்தனை பேருக்குத் தெரிந்த பாட்டுக்கே அந்தக் கதி என்றால், நேற்று எழுதிய பாட்டோடு வருபவர் என்ன செய்வார்? அன்றைக்கு விழாவில் அந்தக் கரும்புச்சாறு அம்மா என்னிடம் ‘யாருப்பா இந்தப் பொண்ணு, யூட்யூப்ல இருக்கா?’ என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. ஃபிளெக்ஸில் புரவலர்கள் படம் வரிசையாக இருந்தது. பாடியவர் பெயருக்கு இடமில்லை.

அப்புறம் பணம். ‘உங்களுக்கு விளம்பரம் கிடைக்குமே’ என்று சொல்லி அழைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். பந்தல்காரரிடம் யாரும் அப்படிச் சொல்வதில்லை. மேடையில் பாடப்படும் பாட்டுக்கு எழுதியவருக்கும் மெட்டுப் போட்டவருக்கும் உரிமத்தொகை போய்ச் சேர ஐபிஆர்எஸ் என்ற அமைப்பு 1969 முதல் இருக்கிறது. பாட்டை வெளியிட்டு அதில் உறுப்பினரானால் இப்படிப்பட்டவர்களுக்கும் அந்த வழி உண்டு. ஆனால் யார் எதைப் பாடினார்கள் என்ற பட்டியல் உங்களிடம் இருந்தால்தானே பிரித்துக் கொடுக்க முடியும்? ஒரு தாள் போதும்.

இரவு 10 மணிக்கு மேல் திறந்தவெளியில் ஒலிபெருக்கி கூடாது என்ற விதி உங்கள் கழுத்தில் கத்தியாக இருப்பது தெரியும். நேரம் தள்ளிப்போனால் முதலில் வெட்டுப்படுவது சின்ன மேடைதான். அதனால் சொந்தப் பாட்டுக்காரர்களை மாலை 6 மணிக்கே, விருந்தினர் கார் வந்து சேர்வதற்கு முன்பே ஏற்றிவிடுங்கள். அரை மணி நேரம் கொடுங்கள். கூட்டம் சேருமுன் 4 மணிக்கு ஒருமுறை வாசித்துப் பார்க்க விடுங்கள். டிஜே பெட்டியை எதிர்முனைக்குத் தள்ளுங்கள். தொகுப்பாளர் கையில் பாடுபவர் பெயரையும் பாட்டுகளின் பெயரையும் எழுதிக் கொடுங்கள். பெயரை எப்படி உச்சரிப்பது என்று அவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தப் பெண்ணின் கைபேசி எண் உங்களில் யாரோ ஒருவரின் மேடைப் பொறுப்பாளரிடம் இருக்கும். அடுத்த விழாவுக்கு மறுபடி கூப்பிடுங்கள். ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் கொடுக்கும் அன்றே இவருக்கும் கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
மிச்சப் பாட்டுகளையும் கேட்க விரும்பும் ஒரு ரசிகன்