ஆம்ப்ளிஃபயருக்கும் சர்க்யூட் படம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வாங்கிய பொருளை நாமே, அல்லது நமக்குப் பிடித்த கடையில், சரிசெய்துகொள்ளும் பழுதுபார்க்கும் உரிமை பற்றித் தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கைபேசி, டிராக்டர், சலவை இயந்திரம், கார் எல்லாம் அதில் இருந்தன. இசைக்குழுக்காரர்களின் பிழைப்புச் சாமான் மட்டும் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

திருநெல்வேலி வட்டாரத்துக் கோயில் கொடைத் திருவிழாக்களிலும், ஞாயிறு காலையில் தேவாலயத்திலும் பேஸ் கிட்டார் வாசிக்கிறேன். மேடையில் நான்கு தந்திக் கிட்டாருடன் டிரம்ஸ் பக்கத்தில் ஒருவர் ஒதுங்கி நிற்பாரே, பாட்டு முடிந்ததும் யாரும் பெயர் கேட்காத ஆள், அவர்தான் நான். 1996-ல் மஸ்கட்டிலிருந்து ஊர் திரும்பிய ஒருவரிடம் பழைய காம்போ ஆம்ப் ஒன்றை 14,000 ரூபாய்க்கு வாங்கினேன். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள் இருந்தால் அது காம்போ. 150 வாட், 15 அங்குல ஸ்பீக்கர், 36 கிலோ. தடித்த தந்தியை விரல் பதிக்காமல் மீட்டினால் நொடிக்கு 41 அதிர்வுதான். அதைக் காற்றில் தள்ளப் பெரிய கோனும் (ஸ்பீக்கரில் அதிரும் காகிதக் கூம்பு) கனமான பெட்டியும் வேண்டியிருந்த காலம் அது. தூக்கித் தூக்கி என் இடுப்பு போனது தனிக் கதை.

வாங்கிய மூன்றாம் ஆண்டு ஒரு சித்திரைக் கொடையில், நள்ளிரவுக்குச் சற்று முன்னால், ஜெனரேட்டரில் நியூட்ரல் கம்பி கழன்றுவிட்டது. பந்தல் விளக்குகள் ஒரு கணம் பால்போல வெளுத்தன, நாலைந்து வெடித்தன. என் பெட்டியிலிருந்து கருகிய வாடை. மறுநாள் ரேடியோ கடை அண்ணாச்சியிடம் கொண்டுபோனேன். பின்பலகையைக் கழற்றிய அவர் முதலில் மீட்டரை எடுக்கவில்லை, மூக்கைத்தான் உள்ளே நீட்டினார். ஃபியூசும் இரண்டு பவர் டிரான்சிஸ்டர்களும் போயிருந்தன. பொருத்தமானவற்றைத் தன் பிஸ்கட் டப்பாவில் துழாவி எடுத்து, பழைய மைக்கா தகட்டைத் துடைத்து, வெள்ளைப் பசை தடவி, திருகி முடுக்கினார். கூலியோடு 380 ரூபாய்.

அதோடு விட்டிருந்தால் அவர் வெறும் மெக்கானிக். பெட்டியை மூன்று நாள் தன்னிடமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கம்பியாகத் தடம் பிடித்து, முழு சர்க்யூட்டையும் மாதக் காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் வரைந்து, பெட்டியின் உள்பக்கத்திலேயே ஒட்டிக் கொடுத்தார். அடுத்த முறை யார் திறந்தாலும் தட்டுத் தடுமாறக் கூடாது என்றார்.

அது ஒன்றும் புது வழக்கமில்லை என்று பின்னால் தெரிந்துகொண்டேன். மின்சார பேஸ் கிட்டாரை 1951-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ஃபெண்டர் நிறுவனம், மறு ஆண்டே அதற்கென்று ‘பாஸ்மேன்’ ஆம்பையும் கொண்டுவந்தது. எந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) எந்த இடத்தில் என்று காட்டும் அட்டையை அவர்கள் தங்கள் ஆம்ப் பெட்டிக்குள்ளேயே ஒட்டி விற்றார்கள். வால்வு சாக்கெட்டில்தானே உட்கார்ந்திருக்கிறது, வாசிப்பவரே பிடுங்கி மாற்றலாம். லண்டனில் ஜிம் மார்ஷலின் கடையில் 1962 வாக்கில் உருவான முதல் ஆம்புக்கு அந்த பாஸ்மேனின் சர்க்யூட்தான் மூலம். ஒளித்து வைத்த சர்க்யூட்டிலிருந்து அப்படி ஒன்று பிறந்திருக்காது.

காலண்டர் தாள் பின்னால் இரண்டு முறை கைகொடுத்தது. நடுவில் ஒரு எலி, காற்றுத் துளை வழியாக உள்ளே குடிபுகுந்து கோனைத் தின்றது. அதற்குப் படம் உதவாது. சென்னை ரிச்சி தெரு வரை போய்க் கோன் மாற்றி வந்தேன். துளைக்கு இப்போது கம்பி வலை அடித்திருக்கிறேன்.

2017-ல் வந்தது ஒரு விசித்திரமான நோய். வாசிக்காமல் சும்மா நின்றாலும் ‘ம்ம்ம்’ என்று முனகல். விரல் பதிக்காமல் ஜி தந்தியைத் தட்டினால் ஒலி நொடிக்கு இரண்டு முறை அலைபோல ஏறி இறங்கியது. அண்ணாச்சியிடம் சொன்னதும் சிரித்துவிட்டார். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 50 அதிர்வு. டையோடுகளைத் தாண்டி வரும்போது அது 100 ஆகிறது. அதை ஆற்றி அடக்க வேண்டிய பெரிய கெப்பாசிட்டர்கள் காய்ந்துவிட்டன. என் ஜி தந்தியோ 98. நூறும் தொண்ணூற்றெட்டும் உரசிக்கொள்வதைத்தான் நான் கேட்டிருக்கிறேன். நோயைத் தந்தியே சொல்லிவிட்டது! அன்று மாலையே இரண்டு கெப்பாசிட்டர்களும் மாறின.

இனி புதியதன் கதை. இடுப்புக்கு இரங்கி 2019-ல் 500 வாட் காம்போ ஒன்று வாங்கினேன். 14 கிலோ, ஒரு கையில் தூக்கலாம், சுருதி சுத்தம், அதைக் குறை சொல்லமாட்டேன். (500 என்றதும் மலைக்க வேண்டாம், பழையதைவிட ஐந்து டெசிபல் கூடுதல், அவ்வளவுதான்.) உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களில் மூச்சை நிறுத்தியது. சர்வீஸ் மையத்தில் போர்டு மொத்தமும் மாற்ற வேண்டும் என்றார்கள், வாங்கிய விலையில் பாதி. சரி என்றால், அந்த போர்டு இப்போது வருவதில்லை என்றார்கள். சர்க்யூட் படமாவது கொடுங்கள் என்றேன். அது நிறுவன ரகசியமாம். அண்ணாச்சி பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். முக்கியமான சிப்பின் மேலிருந்த எண்ணைத் தேய்த்து அழித்திருந்தார்கள். ஐம்பது ஆண்டு சால்டரிங் பிடித்த கை அன்று வெறுமனே பெட்டியை மூடியது. எனக்குப் பணம் போனதைவிட அதுதான் உறுத்தியது.

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022-ல் தொடங்கிய பழுதுபார்க்கும் உரிமை இணையதளம் நான்கு துறைகளை எடுத்துக்கொண்டது: விவசாயக் கருவிகள், கைபேசி போன்ற மின்னணுப் பொருட்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். ஆம்ப்ளிஃபயர், கீபோர்டு, மிக்ஸர் ஆகியவற்றையும் ஐந்தாவதாகச் சேர்க்க வேண்டும். உத்தரவாதம் முடிந்த பிறகாவது சர்க்யூட் படத்தைத் தர வேண்டும், சிப் எண்ணை அழிக்கக் கூடாது, போர்டு பத்து ஆண்டுகளாவது கிடைக்க வேண்டும். இந்த ஊரில் மட்டும் எனக்குத் தெரிந்து ஐந்து குழுக்களின் வீட்டுப் பரணில் இப்படிப்பட்ட பெட்டிகள் தூங்குகின்றன.

என்னுடையது தூங்கவில்லை. மேடைப் பலகையின் மேலேயே வைத்தால் பழைய ஆம்ப் கும்மென்று இரைகிறது. ஓரடி உயர்த்தினால் அடங்குகிறது. அதனால் புதிய ஆம்பைக் கீழே வைத்து, அதன் மேல் பழையதை ஏற்றி வாசிக்கிறேன். உயரம் கச்சிதமாக இருக்கிறது.

இப்படிக்கு,
பேஸ் கிட்டார் வாசிப்பவன்,
பாளையங்கோட்டை.