விட்டுக்கொடுக்காமல் ஆடிய ஏப்ரலுக்கு

அன்புள்ள ஏப்ரல் ஹைன்ரிக்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்காவின் வட கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் கால்பந்து அணி என்றதும் எல்லோரும் கோப்பைகளைத்தான் எண்ணுவார்கள். தேசியக் கல்லூரிப் பட்டம் மட்டும் இருபது முறைக்கும் மேல். அதில் 1986 முதல் 1994 வரை ஒன்பது ஆண்டுகள் விடாமல். ஆனால் எனக்குள் தங்கியிருப்பது நீங்கள் அங்கே புதிதாகச் சேர்ந்த 1983தான்.

பயிற்சியிலேயே நீங்கள் முழு வேகத்தில் ஆடினீர்கள். எதிரே நிற்பது மூத்த மாணவியா, தோழியா என்று பார்க்கவில்லை. பொறுக்க முடியாமல் சிலர் பயிற்சியாளர் ஆன்சன் டோரன்ஸிடம் போய்ப் புகார் சொன்னார்கள். அவர் உங்களை அடக்கவில்லை. உங்களைப் போல இன்னும் பலர் வேண்டும் என்றுதான் நினைத்தார்.

எங்கள் வீடுகளில் பெண் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு வளரும் சொல் 'விட்டுக்கொடு'. பள்ளியில் கோ-கோ ஆடும்போது ஒருநாள் நெருங்கிய தோழியை மூன்று முறை அவுட் ஆக்கினேன். மறுநாள் அவள் என்னோடு பேசவில்லை. அப்புறம் நானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டேன். யாரும் சொல்லவில்லை.

உங்கள் அணியில் பயிற்சியின் ஒவ்வொரு ஒண்டிக்கு ஒண்டி மோதலும் கணக்கில் ஏறும். யார் எத்தனையாவது இடம் என்று எல்லோரும் பார்க்க ஒட்டிவிடுவார்கள். அதே பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்துப் பயிற்சியாளர் டீன் ஸ்மித்திடமிருந்து டோரன்ஸ் எடுத்துக்கொண்ட வழி அது. கேட்கக் கடுமையாகத்தான் இருக்கிறது. ஆனாலும் தோழியை ஜெயிப்பது அன்றாட வேலையாகிவிட்டால், அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லையே! பின்னாளில் உலகப் புகழ் பெற்ற வீராங்கனைகள் மியா ஹாமும் கிறிஸ்டின் லில்லியும் 1989இல் வந்து சேர்ந்தது அப்படிப்பட்ட மைதானத்துக்கு.

1985 இறுதிப்போட்டியில் ஜார்ஜ் மேசன் அணியிடம் 0-2 எனத் தோற்றீர்கள். அடுத்த ஆண்டே பட்டத்தை மீட்டீர்கள். 1991இல் சீனாவில் நடந்த முதல் மகளிர் உலகக் கோப்பையில் அமெரிக்க அணிக்கு நீங்கள் கேப்டன், அதே டோரன்ஸ் பயிற்சியாளர். அரையிறுதியில் ஜெர்மனிக்கு எதிராக இரண்டு கோல் அடித்தீர்கள். இறுதியில் நார்வேயை 2-1 என வென்ற பிறகு, முழங்கால் காயம் உங்கள் ஆட்டத்தையே நிறுத்திவிட்டது. அப்போது உங்களுக்கு 27 வயதுதான். அதை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. 1983இலும் உங்கள் அணிதான் பட்டம் வென்றது. புகார் சொன்னவர்களும் நீங்களும் அன்று இரவு என்ன பேசிக்கொண்டீர்கள்?

அன்புடன்,
வேகத்தைக் குறைத்துக்கொண்ட ஒருத்தி