துருப்பிடித்த வாளியைத் தூக்கிப் போடாதீர்கள்

வணக்கம் நண்பர்களே. இந்த மாதம் நம் கைவேலைக்குப் பழைய இரும்பு வாளி. அடி ஓட்டையாகியிருந்தாலும் பரவாயில்லை. பூந்தொட்டிக்குத் தண்ணீர் வடிய அந்த ஓட்டைதானே வேண்டும்!

தயவுசெய்து எடுத்ததும் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள். துருவின் மேல் அடித்த பெயின்ட் செதில் செதிலாக உரிந்துவிடும். முதலில் கம்பி பிரஷ்ஷால் உதிர்கிற துருவைத் தேய்த்தெடுங்கள். மிச்சத்துக்கு வெள்ளை வினிகரில் ஓர் இரவு ஊறவிடலாம். அப்புறம் சமையல் சோடா கலந்த தண்ணீரில் அலசி, உடனே துடைத்து வெயிலில் வையுங்கள். வாயின் விளிம்பு மடிந்திருக்கும் இடத்தை மறக்க வேண்டாம். நான் முதலில் செய்த வாளியில் அந்த மடிப்புக்குள் நின்ற ஈரத்தால், மறுநாளே ஆரஞ்சு நிறத்தில் புதுத் துரு பூத்திருந்தது.

துத்தநாகம் பூசிய வாளி என்றால் வினிகர் பக்கமே போகாதீர்கள், அது பூச்சையே கரைத்துவிடும். மிகப் பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்த நிலையில் தேய்க்கவே கூடாது, சந்தேகமாக இருந்தால் வேறு வாளி எடுங்கள்.

சரி, பிறகு 220 எண் உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, உலோகப் பிரைமர் ஒரு கோட், பெயின்ட் மெல்லிசாக 2 கோட். நெளிவுகளைத் தட்டி நேராக்க வேண்டாம். வாளியின் அழகே அதில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

தொடங்கும் முன்பு ஒரு படம், முடிந்ததும் ஒரு படம். இரண்டையும் ஞாயிறு மாலைக்குள் குழுவில் போடுங்கள்.