கொப்பியைக் கொடுத்துவிட்டேன்

இணுவில்,
14.10.2024

அன்பின் ராசு,

நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். இங்கே மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். தோட்டம் கொத்தியபடி கிடக்கிறது. சங்கக்கடை அண்ணை போன வாரம் வழுக்கி விழுந்து கையை முறித்துக்கொண்டார். பார்க்கப் போனால் கட்டிலில் கிடந்தபடியே என்னை ஏசுகிறார், உன்னோடு ஆறு வாரமாகப் பேசாமல் இருக்கிறேன் என்று. அவர் ஏசியது சரி.

செப்டெம்பர் 1 ஆம் திகதி இரவு நீ தொலைபேசி எடுத்தாய். அன்றுதான் வவுனியாவில் நம் தமிழரசுக் கட்சியின் மத்திய குழு கூடி, செப்டெம்பர் 21 ஜனாதிபதித் தேர்தலில் சஜித் பிரேமதாசவை ஆதரிப்பது, சங்குச் சின்னத்தில் நின்ற தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனை விலகச் சொல்வது என்று முடிவெடுத்திருந்தது. நீ சந்தோஷமாக எடுத்தாய். நான் உன்னைப் பேசவிடாமல் கத்தினேன். நீ தொலைபேசியை வைத்துவிட்டாய். கலாசாலை விடுதியில் 304 விளையாடும்போது தோற்கப் போகிறாய் என்று தெரிந்தால் சீட்டைக் கலைத்துவிட்டு எழும்புவாயே, அதே கோபம். ஆனால் அன்று சீட்டைக் கலைத்தவன் நான். மன்னித்துக்கொள். தொலைபேசியில் நாம் இருவரும் மற்றவரை முடிக்க விடமாட்டோம், அதனால்தான் எழுதுகிறேன்.

நேற்று ஒரு காரியம் செய்தேன். அதை முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். அதற்கு முன் என் வாக்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

1 என்று சங்குக்குப் போட்டேன். அது உனக்குத் தெரிந்திருக்கும். பிறகு பேனாவைப் பிடித்தபடி நின்றேன். பின்னால் வரிசை நீண்டிருந்தது. நீ அன்றிரவு சொல்ல வந்து நான் சொல்லவிடாத அந்த ஒன்று, 2005 தேர்தல் புறக்கணிப்பு, நினைவுக்கு வந்தது. யாழ்ப்பாணத்தில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட வாக்களிக்காத அந்தத் தேர்தலில் மகிந்த வென்றது சுமார் 1 லட்சத்து 80 ஆயிரம் வாக்கு வித்தியாசத்தில். நாங்கள் வீட்டுக்குள் இருந்தோம். அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அந்த ஒரு நாளால் நடந்தது என்று நான் சொல்லமாட்டேன், நீயும் சொல்லமாட்டாய். ஆனால் அந்தக் கணக்கு இருபது வருடமாக உன்னை உறங்கவிடவில்லை என்பது எனக்குத் தெரியும். 2 என்று சஜித்தின் தொலைபேசிச் சின்னத்துக்குப் போட்டேன். இந்த நாட்டில் முதல் தடவையாக இரண்டாவது விருப்பு வாக்கையும் எண்ண வேண்டி வந்ததல்லவா? அதில் சஜித்துக்குச் சேர்ந்த 1,67,867 இல் ஒன்று என்னுடையது. உன் நியாயத்துக்காகப் போட்ட வாக்கு அது.

உன் நியாயம் எனக்கு விளங்காமல் இல்லை. உனக்குப் பக்கத்து ஊர் முஸ்லிம் ஊர், அதற்கடுத்தது சிங்கள ஊர். மயிலத்தமடு மாதவணை மேய்ச்சல் தரைக்காகச் சித்தாண்டியில் பண்ணையாளர்கள் ஒரு வருடத்துக்கு மேலாகப் போராட்டத்தில் இருக்கிறார்கள். அவர்களுக்கு நாளைக்கே ஓர் உத்தரவு போடக்கூடிய ஆள் வேண்டும். வரலாற்றுக்குச் செய்தி சொல்லும் வேட்பாளரை வைத்து மாட்டைக் காப்பாற்ற முடியாது. அரியநேத்திரன் உங்கள் மட்டக்களப்பு மாவட்டத்து ஆள், உங்கள் மாவட்டத்திலேயே நாலாம் இடத்துக்குப் போனார். இங்கே நிலைமை வேறு. யாழ்ப்பாணத்தில் சஜித்துக்கு 1,21,177, சங்குக்கு 1,16,688. நாலாயிரத்து ஐந்நூறு கூட வித்தியாசம் இல்லை. நம் கட்சியின் சுமந்திரன் தொலைபேசி என்றார், கட்சி உறுப்பினர்கள் ஜனவரியில் தலைவராகத் தெரிவு செய்த சிறீதரன் சங்கு என்றார், கஜேந்திரகுமார் புறக்கணியுங்கள் என்றார். ஒரே முற்றத்துக்கு மூன்று பேர் மூன்று நோட்டீசோடு வந்தார்கள். சனம் பாதி பாதியாகப் பிரிந்து நின்றது. இதில் யாரை நான் குற்றம் சொல்ல?

ராசு, எனக்குக் கோபம் சஜித்தில் இல்லை. அன்றிரவு அப்படித்தான் தெரிந்திருக்கும். கோபம் எங்கே இருந்து வந்தது என்று இந்த ஆறு வாரமாக யோசித்தேன்.

1982 முதலாவது ஜனாதிபதித் தேர்தல். நமக்கு முதல் வாக்கும் அதுதான். தமிழர் விடுதலைக் கூட்டணி ஒதுங்கி நின்றது. நான் குமார் பொன்னம்பலத்துக்குப் போட்டேன், இங்கே அவர்தான் முதலிடம். அப்பா சிறிமாவின் கட்சி வேட்பாளர் கொப்பேகடுவவுக்குப் போட்டார். வீட்டில் பெரிய சண்டை. சிங்களக் கட்சிக்குப் போடுகிறீர்களே என்று நான் குதித்தேன். அப்பா வெங்காயம் கட்டியபடியே சொன்னார்: "அவர் இனி என்ன தருவார் என்று எனக்குத் தெரியாது. சிறிமாவின் காலத்தில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் என்ன விலை கிடைத்தது என்று எனக்குத் தெரியும். இந்தக் கல்வீடு அந்த விலையில் எழும்பியது." இறக்குமதியை நிறுத்திய காலம் அது. தென்னிலங்கை பாணுக்கு வரிசையில் நின்றபோது இங்கே தோட்டக்காரன் நிமிர்ந்தான். அப்பா பெற்றதற்கு வாக்களித்தார். எனக்கு அப்போது அது சின்னப் புத்தியாகப் பட்டது. அதற்குப் பிறகு நான் வாக்களித்ததெல்லாம் தருவோம் என்றவர்களுக்குத்தான்.

1994 ஐ எடு. நீங்கள் அங்கே சந்திரிகாவுக்கு அள்ளிப் போட்டீர்கள். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த எங்களுக்கு அது பெயருக்குத் தேர்தல். ஆனாலும் கடைகளில் சந்திரிகா காப்பு வந்தது. என் மூத்தவளுக்கு ஏழு வயது, இரண்டு கையிலும் நிறையப் போட்டுக்கொண்டு கிலுக்கிக்கொண்டு திரிந்தாள். நிறைவேற்று ஜனாதிபதி முறையை 1995 ஜூலை 15 க்குள் ஒழிப்பேன் என்று சந்திரிகா நாள் குறித்துச் சொல்லியிருந்தார். நாள் குறித்துச் சொல்லும் அரசியல்வாதியை நாம் அதற்கு முன் கண்டதில்லை, அதனாலேயே நம்பினோம். அந்த 15 ஆம் திகதிக்கு ஆறு நாளுக்கு முன்னர்தான் நவாலி தேவாலயத்தில் குண்டு விழுந்தது. ஒக்டோபர் 30 இரவு மழையில், யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறி நாவற்குழிப் பாலத்தில் ஊரே நெரிபட்டு நகர்ந்தபோது, மகளின் கையைப் பிடித்திருந்தேன். அந்தக் காப்புகள் என் உள்ளங்கையில் அழுத்திக்கொண்டிருந்தன. விடிந்து பார்த்தால் இரண்டுதான் மிச்சம்.

அப்போதும் நான் வெறும் வாக்காளன். 2010 இல் இருந்துதான் வேறு கதை. அப்போதுதான் நான் படலை படலையாகப் போகத் தொடங்கினேன். முள்ளிவாய்க்கால் முடிந்து எட்டு மாதம். அந்த யுத்தத்தை நடத்திய இராணுவத் தளபதிக்கு வாக்களியுங்கள் என்று துண்டுப்பிரசுரம் கொண்டுபோனேன். மகிந்தவைத் தோற்கடிக்க வேறு வழி இல்லை என்றுதான் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு சொன்னது, நானும் மனதார அதை நம்பினேன். பெரிய கிணற்றடி வீட்டு அக்கா பிரசுரத்தை முழுவதும் வாசித்தார். மடித்தார். திருப்பித் தந்து, "மாஸ்டர், இதை நீங்கள் வாசித்தீர்களா?" என்று கேட்டார். அவருடைய இளையவன் வட்டுவாகலில் போனவன்.

2015 இல் மைத்திரி. சின்னம் அப்போதும் அன்னம்தான், 2019 இல் சஜித்துக்கும் அன்னம்தான். மூன்று தடவையும் ஒரே பறவையைக் கொண்டுபோய் ஒரே வீடுகளில் காட்டியிருக்கிறேன். 2015 இல் என்ன செய்தேன் என்றால், ஒரு 80 பக்கக் கொப்பி வாங்கினேன். வெறும் கையோடு வாக்குக் கேட்காமல், வீட்டுக்காரருக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதினேன். 63 வீடு. வசாவிளானில் காணி, 1990 இல் இருந்து உள்ளே போகவில்லை. மகன் 2008 இல் போனவன், ஓமந்தையில் கண்டதாக ஒருவர் சொன்னார். தம்பி பயங்கரவாதத் தடைச் சட்டத்தில், பதினொரு வருடம். எழுதியதன் பிரதியைப் பெரிய இடத்தில் இருந்த ஒருவரிடம் கொடுத்தேன். பெயர் வேண்டாம். வெற்றி பெற்றதும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம் என்றார். அதை நான் 63 வீட்டுக்கும் போய்ச் சொன்னேன்.

ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் பொய். ஜனாதிபதியின் அதிகாரத்தைக் குறைத்த 19 ஆவது திருத்தம் வந்தது. காணிகள் கொஞ்சம் விட்டார்கள், 2017 இல் மயிலிட்டித் துறைமுகம் திறந்தது, கொப்பியில் நாலு வீட்டுக்கு நேராகச் சரி போட்டேன். மூச்சு விட முடிந்தது, விளக்கேற்றி அழ முடிந்தது, அதுவும் கணக்கில் சேர வேண்டும். ஆனால் போர்க்கால மீறல்களை விசாரிக்க ஜெனிவாவில் வெளிநாட்டு நீதிபதிகள் உட்பட ஒத்துக்கொண்டதும், பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்குவோம் என்றதும், புதிய அரசியலமைப்பும் எங்கே போயின? இடைக்கால அறிக்கையோடு நின்றது. 2018 ஒக்டோபர் 26 இல் அதே மைத்திரி அதே மகிந்தவைப் பிரதமராக்கினார். கூட்டமைப்புத் தலைவர் சம்பந்தன் ஐயா 2016 க்குள் தீர்வு என்று சொன்னதை நானும் மேடையில் நின்று கேட்டவன். ஜூன் 30 இல் அவர் போன செய்தி வந்தபோது நான் அழுதேன். அந்த மனுஷன் பொய் சொல்லவில்லை, ராசு. நம்பினார். நம்பி எங்களுக்குச் சொன்னார், நாங்கள் நம்பிப் படலைக்குக் கொண்டுபோனோம். பிறகு ரணில் 75 ஆவது சுதந்திர தினத்துக்குள் என்றார். அந்த நாள் கழிந்து நாலாம் நாள், மாகாண சபைகளைத் தந்த 13 ஆவது திருத்தத்தின் பிரதியைப் பிக்குகள் தெருவில் எரித்தார்கள்.

என் கோபம் இதில்தான். வாக்குறுதி கொடுத்தவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து கிணற்றடியில் வைத்தவன் நான். பத்து வருடத்தில் ஒரு தடவையாவது அந்த 63 வீட்டுக்கும் திரும்பிப் போய், "அம்மா, கேட்டோம், இன்னார் இப்படிச் சொன்னார், கிடைக்கவில்லை" என்று சொல்லியிருக்கிறேனா? கட்சி சொல்லச் சொன்னதா? வாக்குக் கேட்கப் போனோம், கணக்குச் சொல்லப் போகவில்லை. 2019 இல் ஐந்து கட்சிகள் கூடி 13 அம்சக் கோரிக்கை எழுதினார்களே, அது ஒரு மாதத்தில் எங்கே போனது என்றுகூட ஒருவரும் வந்து சொல்லவில்லை. கிளிநொச்சிக் கந்தசுவாமி கோயிலடியில் 2017 பெப்ரவரி 20 இல் அமர்ந்த, காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் எழும்பவில்லை. சங்குப் பக்கமும் சுத்தம் இல்லை. எனக்கு அது இன்னும் வலிக்கிறது. இது கட்சி அரசியலுக்கான சின்னம் இல்லை, ஒரு மக்களின் குரல் என்று சொல்லித்தானே கேட்டார்கள்? வாக்கு எண்ணி மூன்று வாரம் ஆகவில்லை, அதே சங்கோடு சில கட்சிகள் பாராளுமன்றத் தேர்தலுக்கு இறங்கிவிட்டன. நான் போட்ட 1 ஐ யார் எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

மருமகன் கண்ணன் நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் புதிய ஜனாதிபதி அநுரகுமாரவின் திசைகாட்டிச் சின்னத்துக்குப் போடுகிறானாம். வடக்கையும் கிழக்கையும் பிரிக்க நீதிமன்றம் போன கட்சியடா என்றேன். "மாமா, எனக்கு அப்போது ஆறு வயது. நீங்கள் நம்பச் சொன்னவர்களில் யார் என்ன செய்தார்கள் என்று ஒரு தாளில் எழுதித் தாருங்கள், பார்த்துவிட்டு முடிவெடுக்கிறேன்" என்றான். அநுரகுமாரவும் ஜனாதிபதி முறையை ஒழிப்பதாகத்தான் சொல்கிறார் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. தாளில் எழுத என்னிடம் ஒன்றும் இல்லை. ஆனால் கொப்பி இருந்தது.

நேற்று மாலை தமிழரசுக் கட்சிப் பிள்ளைகள் இரண்டு பேர் வந்தார்கள். நல்ல பிள்ளைகள், ஒருவன் என்னிடம் படித்தவன். "சேர், வீட்டுச் சின்னத்துக்கு நீங்கள் வந்தால் இந்த வட்டாரம் முழுவதும் வரும்" என்றார்கள். நான் உள்ளே போய்க் கொப்பியை எடுத்துவந்தேன். மட்டை கழன்று கிடந்தது, நூல் போட்டுக் கட்டியிருந்தேன். "இதில் 63 வீடு இருக்கிறது. முதலில் இவர்களுக்குப் பதில் சொல்லுங்கள். முடியவில்லை என்றால் முடியவில்லை என்றே சொல்லுங்கள். அதற்குப் பிறகு நான் உங்களோடு எந்த வீட்டுக்கும் வருவேன்" என்று கொடுத்துவிட்டேன். அவர்கள் முகம் வாடிப் போனது. எனக்கும் மனசு பொறுக்கவில்லை. தேநீர்கூடக் குடிக்காமல் போனார்கள். அந்தக் கட்சியை விட்டு நான் எங்கே போவேன், ராசு? அப்பாவின் சண்டைக்குப் பிறகு எனக்கு இருந்த ஒரே வீடு அது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, மதியம், என்னிடம் படித்தவன் தனியாகச் சைக்கிளில் வந்தான். கொப்பி கையில். பதினேழாம் வீட்டுக்குப் போனானாம். அங்கே பூட்டு. "அந்த அம்மா இப்போது எங்கே, சேர்?" என்று கேட்டான். 2021 இல் செத்துவிட்டார் என்றேன். கொஞ்ச நேரம் நின்றான். பேனா இருக்கிறதா என்று கேட்டு, அந்தப் பக்கத்தில் திகதியோடு அதை எழுதினான். பிறகு பதினெட்டாம் வீடு எந்த ஒழுங்கை என்று கேட்டான். நானே கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். நாளைக் காலை ஏழு மணிக்கு.

நீயும் 2015 இல் படுவான்கரையில் சைக்கிளில் திரிந்தவன்தானே. நீ எழுதிவைத்தாயோ தெரியாது, ஆனால் எந்த வீட்டில் என்ன சொன்னாய் என்பது உனக்கு மறந்திருக்காது. எனக்கு எழுது. தைப்பொங்கலுக்கு நான் அங்கே வருகிறேன், முழங்கால் இடம் கொடுத்தால் இருவருமாக ஒரு சுற்றுப் போகலாம். சீட்டுக்கட்டையும் எடுத்துவருவேன்.

அன்புடன்,
உன் தியாகு