உங்கப்பா எழுதிய கூர்ச்சீட்டு

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உங்கப்பாவின் வருஷத் திதிக்கு வந்துவிட்டுப் போனவன் அப்புறம் ஒரு வரிகூட எழுதவில்லை. திட்டுவதானால் நேரில் வந்து திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. நெட்டையன் பெண்ணுக்கு வரன் அமைந்துவிட்டது, உனக்கும் பத்திரிகை வரும். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்றுதான் எழுதுகிறேன்.

போன செவ்வாய்க்கிழமை கோர்ட்டில் உங்கப்பாவின் எழுத்தைப் பார்த்தேன்.

சித்தப்பா மகன் 2021-ல் போட்ட பாக வழக்குதான். சொத்தைப் பிரிக்கவே இல்லை, எல்லாவற்றிலும் பாதி வேண்டும் என்கிறான். 1991-லேயே எங்கப்பாவும் சித்தப்பாவும் அண்ணன் தம்பியாகப் பிரித்துக்கொண்டார்கள் என்று சொல்ல எங்களிடம் இருக்கிற ஒரே எழுத்து, யார் யாருக்கு எந்தப் பாகம் என்று உங்கப்பா எழுதிக்கொடுத்த கூர்ச்சீட்டு. இரண்டு வருஷமாக அதன் ஜெராக்ஸ்தான் கையில் இருந்தது. வக்கீல் தலையில் அடித்துக்கொண்டார். முத்திரைத் தீர்வை கட்டாத ஆவணத்தைத் தீர்வையும் அபராதமும் கட்டிச் சாட்சியத்தில் சேர்க்க வழி உண்டு, ஆனால் அந்த வழி மூல ஆவணத்துக்கு மட்டும்தான், நகலுக்கு அபராதம் கட்டவே முடியாது என்றார். வீட்டைத் தலைகீழாகப் புரட்டினோம். கடைசியில் அம்மாவின் தகரப் பெட்டியில், நிலத் தீர்வை ரசீதுகளுக்கு அடியில் கிடைத்தது.

முழுத்தாள் ஒன்று, நான்காக மடித்தது. மடிப்பில் மை போய் ஓட்டை விழுந்திருக்கிறது. நீல மை. பள்ளிக்கூடத்தில் நமக்கெல்லாம் புது எழுத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தனக்கென்று எழுதும்போது மட்டும் யானைத் துதிக்கை மாதிரி வளையும் பழைய ‘லை’ போடுவாரே, நினைவிருக்கிறதா? ‘நான்கெல்லைக்குட்பட்ட’ என்ற சொல்லில் அந்த லை அப்படியே இருக்கிறது. சாட்சிக் கூண்டில் நின்றுகொண்டு அதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

பிரதிவாதி தரப்பு முதல் ஆவணமாக பி-1 என்று நம்பர் போடப் போகும் நேரத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். பதிவு செய்யவில்லை, முத்திரைத் தீர்வை இல்லை, இதைக் குறியிடவே கூடாது என்றார். அரைமணி நேரம் வாதம் நடந்தது. அந்த அரைமணியில்தான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது. அதிலிருந்து தூக்கமில்லை.

எல்லாம் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது. ‘பிரித்துக்கொண்டோம்’ என்பதா, ‘பிரித்துக்கொள்கிறோம்’ என்பதா?

வாய்மொழியாகப் பாகம் பிரிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. பேசி முடித்துவிட்டுப் பிற்பாடு ஞாபகத்துக்காக எழுதி வைத்தால் அது வெறும் குறிப்பு, பதிவு தேவையில்லை. 1976-ல் காலே வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆனால் அந்தத் தாளே பிரிக்கிற காரியத்தைச் செய்தால் அது பாகப்பிரிவினைப் பத்திரம் ஆகிவிடும். நூறு ரூபாயும் அதற்கு மேலும் பெறுமானமுள்ள அசையாச் சொத்து என்றால் 1908-ஆம் வருஷப் பதிவுச் சட்டப்படி பதிவு செய்தே ஆக வேண்டும். பதியாமல் விட்டால், பிரித்ததற்குச் சாட்சியமாக அதை எடுக்க முடியாது. முத்திரைக் குறையையாவது பத்து மடங்குவரை அபராதம் கட்டிச் சரிசெய்யலாம். பதிவுக்கோ எழுதிய நாலு மாதம், தாமதக் கட்டணத்தோடு இன்னும் நாலு மாதம், அவ்வளவுதான் கெடு. முப்பது வருஷம் கழித்து யாராலும் பதிய முடியாது.

உங்கப்பா எழுதிய முதல் வாக்கியம் இது: ‘நாம் சென்ற தை மாதத்தில் பெரியோர் முன்னிலையில் வாய்மொழியாகப் பாகம் பிரித்து, அவரவர் பாகத்தை அவரவர் அனுபவித்து வருகிறபடியால், பிற்கால ஞாபகத்துக்காக எழுதிக்கொண்ட விவரம்.’ நீதிபதி அதை இரண்டு தடவை படித்தார். சட்டம் படித்தவர்கூட இவ்வளவு சரியாக எழுதுவாரா தெரியவில்லை. எங்கள் வக்கீல் முகம் மலர்ந்தது.

ஆனால் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருக்கிறது: ‘இன்று முதல் ஒருவர் பாகத்தில் மற்றவருக்கு யாதொரு பாத்தியமும் இல்லை.’ எதிர்த்தரப்பு அந்த ‘இன்று முதல்’ என்ற இரண்டு சொல்லை விடாமல் பிடித்துக்கொண்டது. உரிமை இன்றுதான் மாறுகிறது என்று இந்தத் தாளே சொல்கிறதே, இது எப்படி வெறும் குறிப்பு ஆகும் என்று கேட்டார்கள். அண்ணனும் தம்பியும் பின்னால் சண்டை போடக்கூடாது என்று நல்ல மனசோடு சேர்த்த வரி அது. அதே வரியை வைத்துக்கொண்டு அவர்கள் பிள்ளைகள் சண்டை போடுகிறோம். வராந்தாவில் அவன் என் பக்கத்துப் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். நாங்கள் பேசிக்கொள்ளவில்லை.

முத்திரைத் தீர்வைப் பிரச்சினையைத் தள்ளிப்போட முடியாது, அப்போதே முடிவு செய்தாக வேண்டும் என்றார் நீதிபதி. தீர்வையும் அபராதமும் கட்ட உத்தரவு போட்டார். அதைக் கட்டிய பிறகு, பதிவு பற்றிய ஆட்சேபணைக்கு உட்பட்டுக் குறியிடப்படும், கடைசி வாதத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்றார். இது பாதி வெற்றிதான். நம்பர் விழுந்துவிட்டாலும் அதனாலேயே ஆவணம் நிரூபணமாகிவிடாது என்று வக்கீல் வெளியே வந்ததும் எச்சரித்தார். கடைசியில் அதைப் பிரிவினைப் பத்திரம் என்றே முடிவு செய்தாலும், 1991-லிருந்து யார் எந்தப் பாகத்தைத் தனியாக அனுபவித்தார்கள் என்கிற துணை விஷயத்துக்கு அது பயன்படுமாம். 1992-லிருந்து தனித்தனிப் பெயரில் நிலத் தீர்வை ரசீதும் இருக்கிறது. பட்டாவோ ரசீதோ உரிமையைக் கொடுத்துவிடாது, ஆனால் கூர்ச்சீட்டோடு சேர்த்துப் படித்தால் பலம் என்கிறார்.

இப்போது உன்னிடம் வருகிறேன். இந்தத் தாளையே பின்னால் தயாரித்தோம் என்று அவர்கள் சொல்கிறார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட்ட இரண்டு பேரும் போய்விட்டார்கள், எழுதியவரும் போய்விட்டார். முப்பது வருஷம் கடந்த மூல ஆவணம், இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்தால் எழுத்தும் கையெழுத்தும் உண்மை என்று கோர்ட் அனுமானிக்கலாம். ‘லாம்’தான், அனுமானித்தே ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. 2024 ஜூலையில் புதுச் சாட்சியச் சட்டம் வந்தாலும், வழக்கு அதற்கு முந்தியது என்பதால் எங்களுக்கு 1872-ஆம் வருஷச் சட்டமேதான். ஒருவர் எழுத்தை நன்றாகப் பழகி அறிந்தவர் வந்து இது அவர் எழுத்து என்று சொல்லலாம் என்று அதில் இருக்கிறது. உன்னைவிடப் பழகியவர் யார்? உன் கோழிக் கிறுக்கலைத் திருத்தியே அவருக்குக் கை வலித்திருக்கும்.

ஹாஸ்டலுக்கு அவர் உனக்கு எழுதிய கடிதங்களை டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாயே, அவற்றையும் கொண்டுவா. ஒப்பிட்டுப் பார்க்கக் கோர்ட்டுக்கு உதவும். குறுக்கு விசாரணையில் கடுமையாகத்தான் கேட்பார்கள். தெரிந்ததைச் சொல், தெரியாததைத் தெரியாது என்று சொல். எனக்காக ஒரு வார்த்தைகூடக் கூட்டிச் சொல்லாதே.

இன்னொன்று. நீயும் அக்காவும் வீட்டைப் பற்றி வாயால் பேசி வைத்திருக்கிறீர்கள். தயவுசெய்து இந்த வருஷமே பத்திரம் எழுதிப் பதிந்துவிடுங்கள். அக்காவோடு நீ எந்தக் கோர்ட் வராந்தாவிலும் உட்காரக்கூடாது.

வாய்தா அடுத்த மாதக் கடைசியில். உனக்கு சம்மன் வாங்கி அனுப்பவா, இல்லை நீயே வந்துவிடுகிறாயா? லீவு போட சம்மன் தேவைப்பட்டால் உடனே எழுது. கடிதங்களை மடித்தபடியே எடுத்து வா, லேமினேட் கீமினேட் செய்துவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழன்